அடுத்தடுத்த எண்கள்

வெர்லினை அடக்கம் செய்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவர் மனைவி அர்டிஸ் கூப்பிட்டார். துப்பாக்கியைப் பார்த்து விலை சொல்ல வேண்டும் என்றார். அது என் தொழில். போனேன்.

சமையலறை மேசையில் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. துக்கத்துக்குத் தேவாலயத்துப் பெண்கள் உணவு கொண்டுவந்த பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் ஒரு பெயர். கழுவித் துடைத்து வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"உட்காரு டுவேன். காபி இருக்கு. நல்லா இருக்காது. அது அவரு போடற காபி, எனக்கு வராது."

குடித்தேன். நன்றாக இல்லை.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத. பாலை ஊத்திக்கோ."

பெட்டியை ஏற்கெனவே அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கி வைத்திருந்தார். தோல்பெட்டி. மேலே கான்வாஸ் உறை. உறையின் மடிப்புகளில் தூசி படிந்து கெட்டியாகியிருந்தது. பல வருடமாக யாரும் தொடவில்லை என்பது தெரிந்தது.

என்ன துப்பாக்கி என்று எனக்குத் தெரியும். பிரதி ஸ்டாட்டன். இரட்டைக்குழல், குழல் அளவு இருபது 'போர்'. அசல் ஸ்டாட்டன் செய்த பட்டறை இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மூடிவிட்டது. எண்பதுகளில் ஜப்பானில் ஒரு தொழிற்சாலை அதே துப்பாக்கியை அச்சு அசலாகச் செய்து சில வருடங்கள் விற்றது. எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வாங்கினார்கள். இப்போது பிரதிகளை மட்டும் சேர்ப்பவர்களே இருக்கிறார்கள்.

அசலில் கீறல் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மூன்று தலைமுறை அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்திருக்கிறது. பிரதி அப்படி இல்லை. சுடாமல் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டி இருக்க வேண்டும், விலைச்சீட்டு நூலில் தொங்க வேண்டும். ஒரு தோட்டா போட்டாலும் விலை இறங்கிவிடும். சிலர் குழல்களை உடலோடு பொருத்திக்கூடப் பார்ப்பதில்லை. பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்து இறந்துபோகிறவர்கள் உண்டு. அந்த வீடுகளுக்குத்தான் நான் அதிகம் போகிறேன்.

"இதோட ஜோடி ராய்ஸ்கிட்ட இருக்கு. தெரியுமில்ல?" என்றார் அர்டிஸ்.

தெரியும். ராய்ஸ் வெர்லினின் அண்ணன். இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண்களில் வாங்கினார்கள். அண்ணனுக்கு நானூற்றுப் பதினேழு. தம்பிக்குப் பதினெட்டு. வேட்டைக்குப் பழைய துப்பாக்கிகளை எடுத்துப் போவார்கள். இவை பெட்டியிலேயே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, கவுதாரி வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், ராய்ஸின் சமையலறையில் இரண்டு பெட்டிகளையும் திறப்பார்கள். எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். ஒருமுறை பொருத்தித் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். கழற்றி மூடிவிடுவார்கள்.

பிறகு ஒரு வருடத்தோடு அது நின்றுபோனது. அண்ணனும் தம்பியும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை. அடக்கத்தன்று ராய்ஸ் தேவாலயத்துக்குள் வரவில்லை. வெளியே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைக் கடந்துதான் உள்ளே போனோம். சிலர் கையசைத்தார்கள்.

"இது தனியா ஒரு விலை," என்றேன். "ஜோடியா இருந்தா வேற விலை. இதுக்கு அதிகமா கொடுக்கக்கூடியவர் ராய்ஸ்தான். போன வாரம் மீன் சாப்பிடப் போன இடத்துல என்கிட்ட வந்தாரு. விலைக்கு வந்தா முதல்ல என்கிட்ட சொல்லுன்னாரு."

"சொன்னாரா."

"ஆமா."

அர்டிஸ் ஒரு பாத்திரத்தைத் திருப்பி அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். மறுபடி கவிழ்த்து வைத்தார்.

"வாங்கிக்கட்டும். சும்மாவே குடுக்கறேன். ஆனா முதல்ல ஏன்னு சொல்லணும். இவரு என்ன பண்ணினாருன்னு ராய்ஸ் தம்பிய அப்படி விட்டாரு? இவருக்கே தெரியாது டுவேன். நானும் கேட்டுப் பார்த்தேன். 'நான் என்ன பண்ணினேன்னு தெரியல அர்டிஸ்'னுதான் சொல்வாரு. கடைசி வரைக்கும் அதத்தான் யோசிச்சிட்டு இருந்தாரு. அதுதான் என் விலை. ராய்ஸ்கிட்ட சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

"இன்னொண்ணு. குழல்ல ஒரு நசுங்கல் இருக்கு. இடது பக்கம், அடியில. நீ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான் பண்ணினது."

"நீங்களா?"

"அவரு இங்க வச்சு எண்ணெய் போட்டிட்டிருந்தாரு. நான் மேல் தட்டுலேருந்து ஊறுகாய் பாட்டில எடுத்தேன், வழுக்கிடுச்சு. நேரா குழல் மேல. அழுதுட்டேன். அவரு சொன்னாரு, பாட்டில் உடையல, அதப் பாருன்னு." அர்டிஸ் புன்னகைத்தார். "ராய்ஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாரு. தெரிஞ்சா ஆயுசு பூரா கிண்டல் பண்ணி ஓட்டுவான், என்னையும் உன்னையும் சேர்த்துன்னு. அந்த வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போனப்போ கட்டை விரலால அந்த இடத்த மூடிக்கிட்டே துடைச்சாராம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் அங்க போகவே இல்ல. பெட்டியையும் திறக்கல."

பூட்டு இறுகியிருந்தது. திறந்தேன். பச்சைத் துணியில் பாகங்கள் தனித்தனியாக இருந்தன. இரும்பு உடலின் நிறங்கள் மங்கவில்லை. தண்ணீரில் மண்ணெண்ணெய் படர்ந்ததுபோல் நீலமும் பழுப்பும். குழல்களை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். வெளிச்சம் குழலின் மேல் ஒரு கோடாக ஓடும். நசுங்கல் இருந்தால் கோடு அங்கே வளையும்.

வளையவில்லை. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை.

"கொடு," என்றார் அர்டிஸ். கட்டைவிரலால் தடவினார். இன்னொரு முறை தடவினார். "இங்கதான் இருந்துச்சு."

குழல்களைத் திருப்பினேன். அடியில், உடலோடு சேரும் தட்டையான இடத்தில் எண் இருக்கும். உடலிலும் அதே எண் இருக்கும். உடலில் நானூற்றுப் பதினெட்டு. குழல்களில் நானூற்றுப் பதினேழு.

"மாறியிருக்கு," என்றேன். "உங்க குழல் ராய்ஸ்கிட்ட இருக்கு. கடைசியா துடைச்ச அன்னிக்கு மாத்தி வச்சிருக்காங்க."

"விரலால மறைச்சிக்கிட்டு அவசர அவசரமா போட்டிருப்பாரு." அவர் சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு நாளாகியிருக்க வேண்டும். அவரே நின்று கேட்பதுபோல் இருந்தது. "ரெண்டு முட்டாளுங்க. ராய்ஸ்கிட்ட சொல்லி மாத்திக் குடு."

ராய்ஸ் தன் கொட்டகையில் பனி அள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் பனி விழவில்லை. வானம் தாழ்வாக இருந்தது.

"நீ வந்தா யாரோ போயிட்டாங்கன்னு அர்த்தம்," என்றார். "நான் இன்னும் இருக்கேன். என் சாமானெல்லாம் கண்ணால அளக்காத."

"இத அளக்க ஒண்ணுமில்ல. துரு."

"துருவும் என்னுதுதான்." கையைத் துடைத்துக்கொண்டார். "அவ விக்கறாளா?"

"உங்களுக்குச் சும்மாவே தரேங்கறாங்க. ஆனா ஏன் பேசலைன்னு சொல்லணுமாம். அவரு என்ன பண்ணினாருன்னு."

ராய்ஸ் என்னைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. வெர்லினுக்கே தெரியாதுங்கறாங்க."

"அவனுக்குத் தெரியும்." கந்தைத் துணியை மேசை மேல் போட்டார். "நல்லாத் தெரியும் அவனுக்கு."

அவருடைய துப்பாக்கிப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். குழல் விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. பார்த்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் போனோம். அவர் தனி ஆள். மேசையில் ஒரு தட்டு, ஒரு கரண்டி. பெட்டியைக் கொண்டுவந்து வைத்து அவரே திறந்தார். குழல்களை எடுத்து இடது பக்க அடியை எனக்குக் காட்டினார்.

"பாரு. விரலை வை. அதுதான் அவன் பண்ணினது. இங்க, இதே மேசையில துடைச்சிட்டிருந்தோம். நான் போன் எடுக்க உள்ளே போனேன். அதுக்குள்ள எங்கயோ இடிச்சிருக்கான். துணியச் சுத்தி உள்ள வச்சு மூடிட்டான். சொல்லல. குளிர்காலத்துல ஒருத்தன் பார்க்கணும்னு கேட்டான், திறந்தா இது. துப்பாக்கி போனா போகுது. சொல்லியிருக்கலாமில்ல? கூடப் பொறந்தவன்."

நான் குழல்களை வாங்கித் திருப்பினேன். எண்ணைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பார்த்தார். உடலை எடுத்து அதன் எண்ணைப் பார்த்தார். மறுபடி குழலைப் பார்த்தார்.

"பொருந்திச்சே," என்றார்.

"பொருந்தும்."

"அன்னிக்குப் பொருத்திப் பார்த்தேன். கதவு மூடற மாதிரி கச்சிதமா மூடிக்கிச்சு."

எனக்குப் புரிந்தது. அவர் தன் அப்பாவின் அசல் ஸ்டாட்டனோடு வளர்ந்தவர். அதன் குழல்களையும் உடலையும் ஒருவன் வாரக்கணக்கில் அரத்தால் ராவிச் சேர்த்திருப்பான். இன்னொரு ஸ்டாட்டனின் குழல் அதில் ஏறாது. ஏறினாலும் மூடாது. மூடினால் அது அதன் குழல்தான். இந்தத் துப்பாக்கிகளோடு வளர்ந்தவர்கள் யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை. மூடிப் பார்ப்பார்கள். ஆனால் பிரதியை இயந்திரம் வெட்டியது. பதினேழின் குழல் பதினெட்டில் உட்காரும். எதன் குழலும் எதிலும் உட்காரும்.

"இது வெர்லினோட குழல்," என்றேன். "உங்களுது அங்க இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல."

ஊறுகாய் பாட்டிலைச் சொன்னேன். அர்டிஸ் அழுததைச் சொன்னேன். கட்டைவிரலால் மூடிக்கொண்டு துடைத்ததைச் சொன்னேன். ராய்ஸ் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது. அதன் விளிம்பில்தான் உட்கார்ந்தார். சரியாக நகர்ந்து உட்காரவில்லை.

"வெர்லின்கிட்ட நீங்க கேக்கலையா?" என்றேன்.

"போன் பண்ணினேன்."

"என்ன கேட்டீங்க?"

"என்கிட்ட சொல்ல ஏதாவது இருக்கான்னு கேட்டேன்."

"நசுங்கல்னு சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவனா சொல்லட்டும்னுதான் கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சான்." ராய்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சிரிச்சிட்டு, ஒண்ணுமில்லையே அண்ணான்னான். அந்தச் சிரிப்ப என்னால தாங்க முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஏரி உறைஞ்சிடுச்சான்னு கேட்டான். இன்னும் இல்லன்னேன். வச்சிட்டேன்."

வெளியே காற்று கொட்டகைக் கதவை அடித்தது. அவர் எழுந்து சாத்தப் போகவில்லை.

"கடைசியா பேசினது அதுதான்," என்றார்.

நான் குழல்களைத் துணியில் சுற்றினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"குழல் மாறியிருக்குன்னு சொன்னேன். மத்தது எனக்கே இப்பத்தான் தெரியும்."

"சொல்லாத."

"அவங்க கேக்கறது அது ஒண்ணத்தான், ராய்ஸ்."

"என்னன்னு சொல்றது? ஊறுகாய் பாட்டிலாலன்னா? அவ மிச்ச நாளைக்கு என்ன பண்ணுவா?" கையை எடுத்துக்கொண்டார். "நான் வரேன். நானே ஏதாவது சொல்லிக்கறேன். நீ வாயத் திறக்காம இரு. உனக்கு அது வராது, தெரியும். முயற்சி பண்ணு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அர்டிஸ் வீட்டுக்குப் போனோம். ராய்ஸ் கோட்டு அணிந்திருந்தார். அடக்கத்தன்று வண்டிக்குள் இதையேதான் அணிந்திருந்தார். சமையலறை வாசலில் தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உட்காருங்க," என்றார் அர்டிஸ்.

மேசையில் இருந்த பாத்திரங்களைக் காணவில்லை. இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துத் திறந்தேன். குழல்களை மாற்றினேன். பதினேழு பதினேழுக்கு. பதினெட்டு பதினெட்டுக்கு. ஒரு நிமிட வேலை. இருவரும் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராய்ஸ் தொண்டையைச் செருமினார்.

"அர்டிஸ், நீ கேட்டியாம். அது அப்பாவோட நாப்பது ஏக்கர் விஷயம். ஆத்துப் பக்கம் இருக்கறது. அது அவனுக்குப் போனதுல எனக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. சொல்லத் தெரியல. அவன் மேல தப்பில்ல. அவன் ஒண்ணுமே பண்ணல. முழுக்க என் தப்புதான்."

பாடம்போல் சொன்னார். நடுவில் மூச்சு விடவில்லை.

அர்டிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

"அந்த நாப்பது ஏக்கர நீங்களே வேணாம்னு சொல்லி எழுதிக் குடுத்தீங்க, ராய்ஸ். சதுப்பு, கொசுதான் வளரும்னு சொன்னீங்க. இந்த மேசையிலதான் கையெழுத்துப் போட்டீங்க. நான் ஆப்பிள் பை சுட்டிருந்தேன். ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க."

ராய்ஸ் குனிந்து மேசையைப் பார்த்தார்.

"நசுங்கலா?" என்றார் அர்டிஸ்.

ராய்ஸ் தொப்பியின் விளிம்பைத் திருப்பினார்.

"டுவேன் குழல் மாறியிருக்குன்னு சொன்னப்போ சிரிச்சேன். அவன் போனதுக்கப்புறம் பாத்திரமெல்லாம் எடுத்துட்டு ஒவ்வொரு வீடா குடுக்கப் போனேன். ஓல்சன் வீட்டு வாசல்ல நிக்கறப்போ தோணிச்சு. அந்தக் குழல் உங்ககிட்ட இருந்திருக்கு. நீங்க அதப் பார்த்திருக்கீங்க." அவர் குரல் உயரவில்லை. "சொல்லுங்க. நசுங்கலா?"

"ஆமா."

"அதுக்கா?"

"அதுக்கில்ல. சொல்லலையேன்னு."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நசுங்கல் ஏன்னு கேட்டீங்களா?"

"சொல்ல ஏதாவது இருக்கான்னு கேட்டேன்."

"அவருக்கு என்ன இருக்கும் சொல்ல." அர்டிஸ் வெர்லினின் குழல்களைப் பெட்டியிலிருந்து எடுத்தார். விரல் தேடாமலே அந்த இடத்துக்குப் போனது. அங்கேயே வைத்திருந்தார். "அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சான்."

"எப்படி?"

ராய்ஸுக்குப் புரியவில்லை.

"எப்படிச் சிரிச்சாரு?"

அவர் நெடுநேரம் யோசித்தார். சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தது தெரிந்தது.

"மூக்கால," என்றார். "சின்ன வயசுல சர்ச்சுல சிரிப்போம். அப்பா பார்த்தா அடிப்பாரு. அடக்கிக்கிட்டு. அப்படி."

அர்டிஸ் தலையசைத்தார்.

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நெனச்சிருப்பாரு. கட்டை விரலால மறைச்சத நீங்க பார்த்துட்டீங்க, கிண்டல் பண்ணி ஓட்டத்தான் போன் பண்றீங்கன்னு. எனக்காகத்தான் ஒண்ணுமில்லன்னிருப்பாரு."

ராய்ஸ் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். தொப்பி கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அர்டிஸ் குழல்களைப் பச்சைத் துணியில் வைத்தார். மூடியைச் சாத்தினார். பெட்டியை மேசைமேல் ராய்ஸ் பக்கம் தள்ளினார்.

"ஏன்னு சொல்லிட்டீங்க. எடுத்துக்குங்க."

"வேணாம் அர்டிஸ்."

"சொன்னா சொன்னதுதான்."

"என்னால அத வீட்ல வச்சுக்க முடியாது."

"என்னால முடியுமா?" என்றார் அர்டிஸ்.

பெட்டி நடுவில் இருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் ராய்ஸ் தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். வாசலில் திரும்பி மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். வெளியே போனார். வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என்ஜின் சத்தம் கேட்டது. வண்டி நகரவில்லை.

நான் வெர்லினின் பெட்டியைப் பார்த்தேன். அயோவாவில் ஒருவர் இருக்கிறார், பிரதிகளை மட்டும் வாங்குவார் என்றேன். நசுங்கல் இருந்தாலும் வாங்குவார். ஒரு விலை சொன்னேன்.

"சரி," என்றார் அர்டிஸ். அவர் எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போயிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கழுவ அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில அவரு கேக்கச் சொன்னாரு, டுவேன்."

"யாரை?"

"ராய்ஸ. போன் பண்ணு, நான் என்ன பண்ணினேன்னு கேளு, வரச் சொல்லுன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. காரிடார் வரைக்கும் போனேன். போன் கையில இருந்துச்சு." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அவரா கூப்பிடட்டும்னு நெனச்சேன். உள்ள வந்து, ராய்ஸ் வீட்ல இல்ல, எடுக்கலைன்னு சொல்லிட்டேன்."

ஜன்னல் வழியாக ராய்ஸின் வண்டி தெரிந்தது. பின்னால் புகை வந்துகொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் கைகளை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராய்ஸ்கிட்ட இத சொல்லணுமா?" என்றார் அர்டிஸ்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவர் தண்ணீரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டார். கொக்கியில் இருந்த வெர்லினின் மேற்கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே, ராய்ஸின் வண்டிப் பக்கம் நடந்தார்.